குச்சியும் புகார் நோட்டும்

என் அக்கா மகன் மிசியோன் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறான். டிவி, மிக்சி, சார்ஜர், ரிமோட் என்று எல்லாம் கிடைக்கும். ரிட்டயரான நாளிலிருந்து, சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கப் போகும் முன்னால் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பது என் வழக்கம். கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்று நினைத்து விலை கேட்பார்கள்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், அவன் ஒரே தடவையில் அறுபது பெட்டி இறக்கினான். ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவுதான். உள்ளே கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக ஒரு குச்சி, ஒரு குட்டி ரிமோட், ஒரு ஒயர். டிவிக்குப் பின்னால் செருகி, வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் இன்டர்நெட் வழியாகப் படம், நாடகம், கச்சேரி எல்லாம் டிவியிலேயே ஓடும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்நேரம் இருக்கும். பேரன் வாங்கி மாட்டியிருப்பான்.

"புது மாடல் மாமா. டிஸ்ட்ரிபியூட்டர் முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டான். போகலன்னா பொங்கலுக்கு எனக்குத் தலையில துண்டுதான்" என்றான். கூடவே இன்னொன்றும் சொன்னான். வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால், விற்காததில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக டிஸ்ட்ரிபியூட்டர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "நீங்க முப்பத்தெட்டு வருஷம் கவர்மென்ட்ல எழுதினவர். சும்மாதானே உக்காந்திருக்கீங்க, எழுதுங்க மாமா."

சும்மாதானே என்றது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் ஆசை விடவில்லை. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்து ஐந்து பத்தி பிரித்தேன்: வரிசை எண், தேதி, வந்தவர், குறை, எடுத்த நடவடிக்கை. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பதிவேடு என் கைக்கு வந்திருக்கிறது. மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

முதல் பதிவு முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர், என் வயசுதான். ரிமோட்டைக் கல்லா மேல் வைத்தார். "இதுல நம்பர் எங்க?" கடைப் பையன் புரியாமல் பார்த்தான். அவர் சொன்னது நிஜம். அந்த ரிமோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் கிடையாது. ஒரு வட்டம், ஒரு வீட்டுப் படம், ஒரு மைக். நம் ஆட்கள் கேபிள் சேனலையெல்லாம் நம்பரால்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். செய்திக்கு ஒரு நம்பர், பாட்டுக்கு ஒரு நம்பர், மனைவியின் சீரியலுக்கு ஒரு நம்பர். இருட்டில் கண்ணாடி இல்லாமல் விரலால் தடவி அழுத்துவோம். "கதவு நம்பர் இல்லாத வீதியில தபால் குடுக்கச் சொன்ன மாதிரி இருக்குது" என்றார். பேச்சு வளர்ந்ததில்தான் தெரிந்தது, அவர் தபால் இலாகாவில் இருந்தவர்.

நம்பர் இல்லை என்ற குறையை அந்த மாதத்தில் மட்டும் பதினோரு தடவை எழுதினேன்.

கண்டமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, டிவிக்குப் பின்னால் ஓட்டையே இல்லை என்றார். செல்லில் படம் பிடித்து வந்திருந்தார். பார்த்தால் தமிழ்நாட்டு அரசு 2006க்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்ததே, அந்த இலவசக் கலர் டிவி. இன்னும் ஓடுகிறது. எச்.டி.எம்.ஐ. என்கிற தட்டையான துளை அந்தக் காலத்துக் குண்டு டிவியில் ஏது? நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வைத்தால் வேலை செய்யும் என்று பையன் சொன்னான். "டிவி சும்மா வந்துது, அதுக்கு மேல மேல செலவு பண்ணச் சொல்றியே தம்பி" என்று அவர் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. மருமகன் காதில் விழாதபடி தலையாட்டினேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் விற்கிறவள். அவள் வீட்டில் வைஃபை இல்லை. மகன் செல்போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். படம் தொடங்கி அரை மணி நேரத்தில் நின்றுவிட்டதாம். குச்சி கெட்டுப்போச்சு என்று சண்டைக்கு வந்தாள். குச்சியில் ஒன்றும் கோளாறு இல்லை. துல்லியமான எச்.டி. படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜி.பி. வரை டேட்டா போகும். மகனுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒன்றரை. இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டாள். "ஒரு கூடை மீனை அரை மணியில தின்னுடுது, அவ்ளோதானே" என்றாள். படத்தின் தெளிவைக் குறைத்து வைக்கும் வழியைப் பையன் காட்டிக் கொடுத்தான். அவள் குச்சியைத் திருப்பவில்லை. அறுபதில் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் அவள்தான்.

காசு விஷயத்தில்தான் எல்லோருக்கும் கோபம். பெட்டிக்குப் பணம் கொடுத்தாயிற்று, இன்டர்நெட்டுக்குக் கொடுத்தாயிற்று. டிவியைப் போட்டால் முகப்பு முழுக்கப் படம் படமாக அடுக்கி வைத்திருக்கிறது. ஆசையாக ஒன்றை அழுத்தினால் சந்தா கட்டு என்கிறது. பக்கத்துப் படத்தை அழுத்தினால் அது வேறு கம்பெனி, அதற்கு வேறு சந்தா. "கல்யாண வீட்டுல இலையப் போட்டு, பரிமாறிட்டு, எடுத்து வாயில வெக்கப் போறப்ப பில்லு நீட்டுறான்" என்று எழுதச் சொன்னார் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். அப்படியே எழுதினேன்.

இதைக் கேட்டபோது எனக்கு மினிடெல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1980களில் பிரான்சில் தபால் தந்தித் துறை வீடு வீடாக ஒரு குட்டித் திரைப் பெட்டி கொடுத்தது, கீழே மடக்கும் விசைப்பலகையோடு. டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலாக என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தார்கள். பாரீஸை ஒட்டிய சார்செல்லில் இருந்த என் சின்னம்மா மகன் அதைப் பற்றிப் பெருமையாக ஒரு கடிதம் எழுதினான். ரயில் டிக்கெட் அதிலேயே, வானிலை அதிலேயே என்று. அடுத்த கடிதத்தில் டெலிபோன் பில் வந்த கதையை எழுதினான். பெட்டிதான் இலவசம், உள்ளே நுழைந்தால் நிமிஷத்துக்கு இவ்வளவு. அவன் அம்மா அதன் மேல் பின்னல் துணி போட்டு மூடி, பூச்சாடி வைத்துவிட்டாளாம். 2012 ஜூன் 30ஆம் தேதி அந்தச் சேவையையே மூடினார்கள். ஆக, இந்த வித்தை புதிதல்ல.

குச்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. டிவியோடு இணைத்து நெட்ஃபிளிக்ஸ் பார்க்க ரோக்கு என்கிற பெட்டி அமெரிக்காவில் 2008லேயே வந்துவிட்டது. 2013 ஜூலையில் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் என்று ஒன்றை இறக்கியது. கூடவே மூன்று மாத நெட்ஃபிளிக்ஸ் இலவசம் என்றார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனதில் ஒரே நாளில் அந்தச் சலுகையை நிறுத்தும்படி ஆயிற்று. நம் ஊருக்கு அது 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. அமேசானின் குச்சி 2017 ஏப்ரலில், 3,999 ரூபாய்க்கு. நடுவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக ஓட விட்டது. அதில்லாமல் இந்தக் குச்சியெல்லாம் மிசியோன் வீதிக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

குரலால் தேடுகிற மைக் பொத்தானை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஒரு பெரியவர் ரிமோட்டை வாயருகில் வைத்து, "ஐயா, கொஞ்சம் பழைய சிவாஜி படமா ஒண்ணு போடுங்க" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போட்டுவிட்டது, வரிசையாகச் சிவாஜி படங்கள். பெரியவர் ரிமோட்டைப் பார்த்து "ரொம்ப நன்றி" என்று வேறு சொன்னார். இன்னொருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மொழியை பிரெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். அவர் "பொன்சுவார்" என்றதும் அது அழகாகப் பதில் சொன்னது. அப்புறம் ஒரு எம்.ஜி.ஆர். படத்தின் பெயரைச் சொன்னார். பிரெஞ்சுக் காதால் தமிழ்ப் பெயரைக் கேட்டுவிட்டு, சமையல் நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் "மெர்த்" என்றார். அதன் பொருளை இங்கே எழுத முடியாது.

நல்ல சேதியும் வந்தது. குருசுகுப்பத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போன நாலாவது நாள் திரும்பி வந்தார். புகாரோ என்று பேனாவைத் திறந்தேன். அவர் மனைவிக்குக் காது கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறதாம். அந்தம்மாள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தேவே சேங்க் மோந்தின் இணையச் சேவையை இந்தக் குச்சியில் சந்தா இல்லாமலே பார்க்கலாம். பிரெஞ்சுப் படத்துக்குக் கீழே பிரெஞ்சிலேயே எழுத்து ஓடுகிறது. "நேத்து அவ தனியா உக்காந்து சிரிச்சா சார். சமையக்கட்டுல இருந்து ஓடி வந்தேன், என்ன ஆச்சோன்னு" என்றார். இன்னொரு குச்சி வாங்கிக்கொண்டு போனார், மச்சினிக்காக.

எழுத எழுத ஒன்று கவனித்தேன். 'குறை' என்ற பத்தியில் நான் எழுதியது ஒன்றாகவும், அவர்கள் நிஜமாக வந்த காரியம் வேறாகவும் இருந்தது. 'படம் சரியில்லை' என்று வந்தவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பாஸ்வேர்டு மருமகளிடம் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது என்பார். 'ரிமோட் வேலை செய்யவில்லை' என்று வந்தவருக்கு ரிமோட் நன்றாகவே வேலை செய்தது. பேரப்பிள்ளைகள் எதிரில் தப்பாக அழுத்திவிட்டார், அவர்கள் சிரித்துவிட்டார்கள். அதை ஒரு கடையில் வந்து சொல்ல முடியுமா? ரிமோட் சரியில்லை என்றுதான் சொல்ல முடியும்.

எனக்கு அந்தக் கூச்சம் தெரியும். நான் கலவைக் கல்லூரியில் பிரெஞ்சு மீடியத்தில் பிரெவே வரை படித்தவன். 1954 நவம்பரில் நிர்வாகம் கை மாறியபோது கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேல். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் வெர்பு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 1972ல் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தால், ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரம் சூப்பரின்டெண்டென்ட் ஒரு கோப்பைக் கொடுத்து, 'புட் அப்' என்று எழுதியிருந்தார். குறிப்பெழுதி அவர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மேலே வை என்கிறார் என்று நினைத்து பீரோ மேல் ஏற்றி வைத்தேன். மூன்று நாள் தேடினார்கள். கேட்டபோது, எனக்குக் கோப்பே வரவில்லை என்று பொய் சொன்னேன். இருபத்திரண்டு வயசு. அந்தப் பொய் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவன்தான் கார்த்திகையில் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு அம்மாள் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். கணவர் சொல்தா, சித்திரையில் காலமாகிவிட்டார். மகள் பிரான்சில். பழைய குச்சியைக் கொடுத்தால் புதியதில் ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி என்று மருமகன் போர்டு வைத்திருந்தான். மகள் போனில் சொல்லி அனுப்பியிருக்கிறாள், பழையது மெதுவாக இருக்கிறது, மாற்றிக்கொள் என்று. மாற்றிக் கொடுத்தோம். பழைய குச்சியை வாங்கியதும், முறைப்படி, அதிலிருந்ததை எல்லாம் பையன் அழித்தான். அவர் செல் நம்பரிலேயே புதிதாகக் கணக்குத் திறந்து, புதுக் குச்சியை வீட்டுக்கே போய் மாட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் அந்தம்மாள் வந்து, "பழசையே குடுத்துடுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கமாயிடுச்சு" என்றார். புதியதுதான் வேகம், எல்லாம் அதேதான் என்று நான் விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நோட்டில் எழுதினேன்: 'பழைய பொருள் கேட்கிறார். விளக்கம் அளிக்கப்பட்டது. முடிந்தது.' பக்கத்தில் சிவப்பு டிக்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். அதே கேள்வி. அதே பதில். அதற்குள் பழைய குச்சிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பியாயிற்று. மூன்றாம் தடவை நல்ல மழை. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்லி, டீ வாங்கி வரச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தேன். அப்புறம்தான் சொன்னார்.

சித்திரையில் ஒரு ராத்திரி இரண்டு பேரும் பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்குத் தூக்கம் வந்தது. "பாக்கியை நாளைக்குப் பார்ப்போம்" என்று நிறுத்திவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து டிவியைப் போட்டால், 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முதலாவதாக அந்தப் படம் நிற்கிறது. கீழே கால்வாசி வரைக்கும் ஒரு கோடு. அன்று முதல் ராத்திரி படுக்கப் போகும் முன் டிவியைப் போட்டு அதைப் பார்த்துவிட்டு அணைப்பாராம். படத்தை ஓட விட்டதில்லை. "அந்தக் கோடு பழைய குச்சியிலதானே இருக்கு. அதுக்குத்தான் கேட்டேன்."

முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை மனுக்களில் 'முடிந்தது' என்று எழுதியிருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதை இங்கே நீட்ட வேண்டாம்.

கடைப் பையன் கெட்டிக்காரன். கோடு குச்சியில் இல்லை, அது சந்தாக் கணக்கில்தான் இருக்கிறது, ஐயாவின் கணக்குக்குள் நுழைந்தால் எந்தக் குச்சியிலும் வரும் என்றான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் நுழைய பாஸ்வேர்டு வேண்டும். மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் ரகசிய எண் அவர் செல்லுக்குப் போகிறது. அந்த சிம்மை ஆவணியிலேயே ஒப்படைத்துவிட்டார்கள். மகளுக்குப் போன் போட்டோம். அப்பாவின் மெயில் முகவரி தெரியும், பாஸ்வேர்டு தெரியாது என்றாள். தெரிந்ததும் அவளும் அழுதாள், மாற்றச் சொன்னது நான்தானே என்று.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ராணுவத்துக்காரர், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவராகத்தான் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை. பென்ஷன் காகிதங்கள், கரண்ட் பில், எல்லாம் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார். மனுஷன் என் ஆபீசில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் கொண்டுவந்து கொடுத்த பிரான்சு தபால்காரர் காலண்டர் அட்டை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் 'மோ து பாஸ்' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல். பாங்கிக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று. டிவி என்பதற்கு நேரே மட்டும் இரண்டே வார்த்தை: 'கொம் தாபித்யூத்'. வழக்கம்போல என்று அர்த்தம்.

பாங்கிக்கும் மெயிலுக்கும் எழுதியிருந்ததைப் போட்டுப் பார்த்தோம். எதுவும் திறக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று பையன் பயமுறுத்தினான். நான் அந்தம்மாளைக் கேட்டேன்: "அவர் வழக்கமா போடற நம்பர்னு ஏதாவது உண்டா? பெட்டிப் பூட்டு, சைக்கிள் பூட்டு?"

யோசிக்கவே இல்லை. ஒரு நீள எண்ணைக் கடகடவென்று சொன்னார். "அவரோட மாத்ரிக்யூல். கல்யாணமான புதுசுல அவர் ஜிபூத்தில இருந்தாரு. கடுதாசி எழுதினா பேரு, பதவி, இந்த நம்பர், செக்தேர் போஸ்தால், இவ்ளோதான் விலாசம். ஊரு பேரு எழுதக் கூடாது. எத்தனை கடுதாசி எழுதியிருப்பேன்! எனக்கு என் பொறந்த தேதி மறந்தாலும் அது மறக்காது."

எண்ணை மட்டும் போட்டால் ஏற்கவில்லை. எழுத்தும் வேண்டும் போல. பதவியின் முதல் எழுத்தை முன்னால் போடச் சொன்னேன். விலாசத்தில் அப்படித்தானே வரும். திறந்துகொண்டது.

படம் இருந்தது, கோட்டோடு. பையன் ஆர்வத்தில் விரலை நடுப் பொத்தானுக்குக் கொண்டுபோனான். அந்தம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "இதுல நான் வேற ஏதாச்சும் பாத்தா, இது பின்னால போயிடுமா?"

போகும். புதிதாகப் பார்ப்பது முன்னால் வரும், இது நகர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஏழு மாதமாக அவர் வேறு எதுவுமே பார்க்கவில்லை என்பது அப்போது புரிந்தது. ஒரே கணக்கில் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் வரிசை இன்னொருவருக்கு வராது என்று சொல்லி, அவர் பெயரில் தனியாக ஒன்று போட்டுக் கொடுத்தோம். இப்போது டிவியைப் போட்டால் இரண்டு வட்டம் வருகிறது. இவர் தன்னுடையதை அழுத்திக் கச்சேரி பார்க்கிறார். சந்தா மாசியில் முடிய இருந்தது. மகள் அங்கிருந்து கட்டிவிட்டாள்.

தை பிறந்ததும் மருமகன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பினான். நல்ல கருத்துகளை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எழுதவில்லை. விற்காமல் நின்றவை பதினாலு. அதில் எட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்தம்மாளின் வரிசைக்கு நேரே நான் போட்ட சிவப்பு டிக்கை அடித்துவிட்டு 'நிலுவை' என்று திருத்தியிருந்தேன். இது என்ன என்று கேட்டார்களாம். மாமாவைத்தான் கேட்க வேண்டும் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

நிலுவை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில் மருமகன் சொன்னான், இந்தக் கம்பெனிகள் படங்களை ஒப்பந்தத்துக்குத்தான் எடுக்கின்றன, காலம் முடிந்தால் படத்தை எடுத்துவிடுவார்கள், வரிசையிலிருந்தும் போய்விடும் என்று. இதை அந்தம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா என்று மனைவியைக் கேட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு குச்சி இருக்கிறது, மீந்த ஆறில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் அதில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித் தேடிப் பார்க்கிறேன். நேற்றும் இருந்தது.